கண்ணை மூடினால் கை எங்கே?

நேயர்களுக்கு என் வணக்கம்.

பக்கவாதம் கண்ட ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, கையைத் தூக்க முடிகிறதா, விரலை மடக்க வருகிறதா என்பதைத்தான். மருத்துவமனையிலும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் சோதனை தொடங்குகிறது. அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாக அசைகிறது என்பது அவருக்குத் தெரிகிறதா என்ற கேள்வி, பல நேரங்களில் கடைசியில் அரை நிமிடத்தில் முடிந்துபோகிறது. சில நேரங்களில் எழுப்பப்படுவதே இல்லை. பக்கவாதம் கண்டவர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், நெடுநாளாக என் மனத்தில் இருக்கும் இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இரவில் மின்சாரம் நின்றுவிட்டாலும் தட்டில் பிசைந்த சோற்றை நாம் மூக்குக்குக் கொண்டுபோவதில்லை. அது வாய்க்கே வந்து சேர்கிறது. பின்னலின் முடிச்சைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பார்க்காமலே இறுக்குகிறார்கள். ஓடும் பேருந்தில் நடத்துநர் பயணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தோள்பைக்குள் சில்லறையை எண்ணுகிறார். இவற்றையெல்லாம் செய்யவைப்பது, உறுப்பு எங்கே இருக்கிறது என்று அறியும் நிலையுணர்வும், அது எந்தப் பக்கம் அசைகிறது என்று அறியும் அசைவுணர்வும்தான். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்விகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற செய்தியை நரம்புகள் வழியே தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மூட்டுகளும் தோலும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன என்றாலும் பெரும்பங்கு தசைக்கே உரியது. 1972-இல் வெளியான ஓர் ஆய்வில், அசையாதிருக்கும் ஒருவரது மேற்கையின் முன்பக்கத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் அதிர்வுக் கருவியை வைத்தபோது, தம் முழங்கை தானே நீள்வதாக அவர் உணர்ந்தார். மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. தசை அனுப்பிய பொய்ச் செய்தியை மூளை அப்படியே நம்பிவிட்டது.

பக்கவாதத்தில் இந்தச் செய்தி மூளைக்குள் போய்ச் சேரும் வழியோ, அதைப் புரிந்துகொள்ளும் பகுதியோ பழுதுபடலாம். ஆய்வுகள் பலவும், பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரை ஏதோ ஓர் அளவில் இக்குறை உண்டு என்று காட்டுகின்றன. கையின் பலம் வேறு, இந்த உணர்வு வேறு என்பதை மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் பலம் திரும்பிய கை குணமான கை என்றே நாம் எல்லோரும் எண்ணிவிடுகிறோம்.

தேநீர்க் கடையில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். கையை நன்றாகத் தூக்குவார், கண்ணாடிக் குவளையை உறுதியாகப் பிடிப்பார். குவளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை எல்லாம் சரியாக இருக்கும். வாடிக்கையாளர் ஏதோ கேட்டு, அவர் முகத்தைத் திருப்பிய அதே கணத்தில் மணிக்கட்டு மெல்லச் சாயத் தொடங்கும். தேநீர் விளிம்பில் வழியும். சூடு விரலில் பட்ட பிறகுதான் அவருக்கே தெரியவரும். “கவனமே இல்லைங்க இவருக்கு” என்று அவருடைய மனைவி வருந்தினார். அவருக்குக் கவனம் நிறையவே இருந்தது. கண்ணை எடுத்துவிட்டால் மணிக்கட்டைப் பற்றிய செய்தி அவருக்கு வரவில்லை என்பதே உண்மை. இதைச் சோதித்துக் காட்டியபோது அந்த அம்மையாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். குறை எது என்று தெரிவதே ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவி.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? வழக்கமான முறை எளியது. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலின் நுனி மூட்டை மருத்துவர் மேலே அல்லது கீழே அசைப்பார். எந்தப் பக்கம் என்று நோயாளி சொல்வார். எளியதுதான், ஆனால் இதில் வழுக்கும் இடங்கள் பல. விரலை மேலும் கீழுமாகப் பிடித்தால், அழுத்தம் எந்தப் பக்கம் விழுகிறதோ அதை வைத்தே தோல் விடையைச் சொல்லிவிடும். ஆகவே விரலின் இரு பக்கவாட்டுகளிலும்தான் பிடிக்க வேண்டும். வேகமாக அசைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். மெதுவாக, சிறிதளவே அசைக்க வேண்டும். இன்னொன்று, விடை இரண்டில் ஒன்றுதான் என்பதால், ஒன்றுமே உணராதவரும் பாதி முறை சரியாகச் சொல்லிவிடுவார். மூன்று முறை மட்டும் கேட்டு மூன்றும் சரி என்று எழுதினால், எட்டுப் பேரில் ஒருவர் வெறும் ஊகத்தாலேயே தேறியிருக்கலாம். ஆறு முறை கேட்டால் அந்த வாய்ப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. கூடுதலாக மூன்று முறை கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

விரலோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. நான் சொன்ன தேநீர்க் கடைக்காரருக்கு விரலில் குறை தென்படவில்லை. மணிக்கட்டிலும் முழங்கையிலும் இருந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அசைந்ததா, எந்தப் பக்கம் அசைந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குச் சரியாக விடை சொல்பவர் மற்றொன்றில் தடுமாறலாம்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். உணர்வு இழந்த நோயாளிகள் சொல்வதை வைத்து நுட்பமான முடிவுகளுக்கு வர முடியவில்லை என்று கண்ட அவர், 1903 ஏப்ரலில் தம் இடது முன்கையில் தோலுக்குச் செல்லும் நரம்புகளைத் தாமே விரும்பி அறுவைச் சிகிச்சையில் வெட்டிக்கொண்டு, பிறகு தைத்துக்கொண்டார். உணர்வு எப்படித் திரும்புகிறது என்பதை, கேம்பிரிட்ஜில் இருந்த அவருடைய நண்பர் ரிவர்ஸ், தம் கல்லூரி அறையில் நான்காண்டுக்கும் மேலாகச் சோதித்துவந்தார். ஹெட் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ரிவர்ஸ் பஞ்சாலும் ஊசியாலும் வெந்நீரும் பனிக்கட்டியும் நிரப்பிய குழாய்களாலும் தொடுவார். வெட்டிய நரம்புக்குரிய தோலில் பஞ்சு பட்டது தெரியவில்லை. ஊசி குத்தியதும் தெரியவில்லை. ஆனால் அழுத்தினால் தெரிந்தது. மூட்டை அசைத்தாலும் தெரிந்தது. ஆழத்திலிருந்து வரும் அந்தச் செய்திகள் தசைக்குச் செல்லும் நரம்புகளின் வழியே வருகின்றன என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். தொடுவுணர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிலையுணர்வும் இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது, ஒன்று இல்லாமலும் மற்றொன்று இருக்கலாம் என்பதற்கு ஹெட்டின் கையே சாட்சி.

நான் இதில் மிகவும் மதிப்பது அவர்கள் சோதித்த விதத்தை. கண்ணாடியில் பனிக்கட்டி மோதும் ஓசையும், அடுப்பிலிருந்து கெண்டியை எடுக்கும் அரவமும் ஹெட்டின் விடைகளை ஒரு பக்கம் சாய்த்துவிடுவதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆகவே ரிவர்ஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் எடுத்துவைத்துக்கொண்டார். மிகச் சாதாரணமான கேள்வியும் விடையைச் சாடையாகக் காட்டிவிடும் என்பதால், ஒரு தொகுதிச் சோதனை முடியும்வரை கேள்வியே கேட்பதில்லை. இப்போது நம் வார்டுகளை எண்ணிப் பாருங்கள். கட்டிலைச் சுற்றி நான்கு உறவினர்கள் நின்றுகொண்டு, “மேலதானேப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு” என்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பில் சோதனை வீணாகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடம் மட்டும் அமைதியாக இருந்து உதவுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சும் பாதிக்கப்பட்டவர்களிடம் மேல், கீழ் என்று சொல்லச் சொல்வது நியாயம் ஆகாது. அவர்களுக்கு ஏற்றது, பாதிக்கப்பட்ட கையை ஒரு நிலையில் நாம் வைத்துவிட்டு, நல்ல கையையும் அதே நிலையில் வைத்துக் காட்டச் சொல்வது. மற்றொன்று, கண்ணை மூடியபடி நல்ல கையால் மறு கையின் கட்டைவிரலைப் போய்ப் பிடிக்கச் சொல்வது. உணர்வு இருப்பவர் நேராகப் போய்ப் பிடிப்பார். குறை உள்ளவர் காற்றில் துழாவுவார். சிலர் முழங்கையைத் தொட்டுப் பிடித்து, முன்கை வழியாகத் தடவிக்கொண்டே வந்து கட்டைவிரலை அடைவார்கள். கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மறைக்க ஒரு துண்டு போதும். வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டு இடப்பக்கத்தையே கவனிக்காதவர்களிடம் மட்டும், தவறு உணர்வினாலா கவனத்தினாலா என்று பிரித்தறிய அனுபவம் உள்ளவர் தேவை.

எத்தனை பாகை பிழை என்று துல்லியமாக அளக்கும் வழிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்குவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு உடல் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று அளக்க 1975-இல் சுவீடனில் உருவாகி இன்று உலகெங்கும் பயன்படும் ஃபியூகல்-மேயர் மதிப்பீட்டில், ஒவ்வொரு மூட்டின் நிலையுணர்வுக்கும் பூச்சியம், ஒன்று, இரண்டு என்று மூன்றே படிகள் உண்டு. சிறு முன்னேற்றத்தை அது காட்டாது. ஆஸ்திரேலியாவில் உருவான மணிக்கட்டுச் சோதனையில், மறைத்துவைத்த மணிக்கட்டை அசைத்து, அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நோயாளியையே காட்டச் சொல்கிறார்கள். விடை பாகைகளில் கிடைக்கிறது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கினார்ம் என்ற இயந்திரம் ஒரு கையை நகர்த்த, நோயாளி மறு கையால் அதை ஒத்துக் காட்டுகிறார். கண்ணால் பார்த்தாலும் எல்லோருக்கும் இக்குறை ஈடாகிவிடுவதில்லை என்று அதைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்த்துச் செய்தால் சரியாகிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதற்கு இது ஒரு மறுப்பு.

பயிற்சியைப் பற்றிப் பேச ஒரு நிமிடமே இருக்கிறது. கண்ணை மூடி உணர்ந்து சொல்வது, பிறகு கண்ணைத் திறந்து சரிபார்ப்பது, மீண்டும் கண்ணை மூடி அதையே உணர்வது என்ற வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகள் பலருக்குப் பயன் தருகின்றன. வீட்டில், வெந்நீரின் சூட்டை எப்போதும் நல்ல கையால் பாருங்கள். படுக்கும்போது அந்தக் கை உடலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எழுப்பி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு விலகினாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, இந்த உணர்வைச் சோதித்துவிட்டீர்களா, எந்தெந்த மூட்டில் குறை இருக்கிறது என்று கேட்டு, விடையை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.