கொம்பில்லாத யானை

நேயர்களுக்கு வணக்கம்.

யானைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாக முதல்முறை போனபோது ஒரு தப்பு செய்தேன். குட்டையோரம் மறைவாக உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வரும் யானைகளை ஆண், பெண், குட்டி என்று பிரித்துக் குறிக்க வேண்டும். மதியம் தனியாக ஒன்று வந்தது. கொம்பைக் காணோம். 'பெண்' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் எட்டிப் பார்த்தார். "சார், தும்பிக்கை ஆரம்பிக்கிற இடத்தைப் பாருங்க, எவ்வளவு தடிமன்! அது மக்னா" என்று காதோரம் சொன்னார். மக்னா என்றால் கொம்பு வளராத ஆண். மோழை என்றும் சொல்வார்கள்.

கொடுத்துவைத்த யானை, தந்தத்துக்காக யாரும் தேடி வர மாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மொசாம்பிக் நாட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்தை விற்ற காசு இரண்டு தரப்பின் போருக்கும் போனது. கோரங்கோசா தேசியப் பூங்காவில் பத்து யானைக்கு ஒன்பது செத்துப்போயின. தப்பியவற்றில் பிறவியிலேயே கொம்பில்லாத பெண்கள் அதிகம். போருக்கு முன்பு ஐந்து பெண்ணில் ஒன்றுக்குக்கூட இல்லாத இந்தக் குணம், போருக்குப் பிறகு பாதிப் பெண்களிடம் இருந்தது. 2021-ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: தாயிடமிருந்து இந்த மரபணு மகளுக்குப் போனால் மகள் கொம்பில்லாமல் பிறக்கிறாள், மகனுக்குப் போனால் அவன் கருவிலேயே இறந்துவிடுகிறான். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து வருஷங்கள் ஆகியும் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து சுமார் 4,15,000 யானைகள் என்பது 2016-ல் வந்த மதிப்பீடு. போட்ஸ்வானாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அங்கே யானை அதிகமாகிவிட்டது என்பதுதான் புகார்! நடு ஆப்பிரிக்காவின் அடர்காட்டு யானைகளோ 31 ஆண்டுகளில் 86 சதவீதம் குறைந்துவிட்டன. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது.

சரி, நம் பக்கம் வருவோம். ஆசிய யானைகள் 13 நாடுகளில் சுமார் 50,000-க்குள். ஏறத்தாழப் பாதி இந்தியாவில். 2025-ல் வெளியான கணக்கில் லத்தியிலிருந்து மரபணு எடுத்து, யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதை வைத்து மொத்தம் 22,446 என்று மதிப்பிட்டார்கள். முறையே வேறு என்பதால் பழைய 27,312-ஐப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கக் கூடாது. லத்தியே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும்போது, என்னைப் போல் குட்டையோரம் தப்பும் தவறுமாக எழுதுகிறவர்களுக்கு இனி வேலையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொம்பு ஆணுக்கு மட்டும்தான். தந்த வேட்டை உச்சத்தில் இருந்த காலத்தில், பெரியாறு காட்டில் சுமார் நூறு பெண்ணுக்கு ஒரு வளர்ந்த ஆண் என்ற நிலை வந்தது. அப்புறம் வேட்டை வெகுவாகக் குறைந்தது. அப்படியானால் மக்னாவுக்கு ஆபத்து இல்லையா?

இலங்கையைப் பாருங்கள். அங்கே ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு கிடையாது. தந்தத்துக்காகக் கொல்வது அரிது. ஆனாலும் 2023-ல் ஒரே வருஷத்தில் 400 யானைகளுக்கு மேல் இறந்தன. துப்பாக்கிச் சூடு, மின்சாரம், ரயில், அப்புறம் 'ஹக்கபட்டாஸ்'. கோவைப் பக்கம் அதை அவுட்டுக்காய் என்பார்கள். காட்டுப்பன்றிக்காகத் தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் போட்டுவிடுவது. யானை கடித்தால் தாடை உடையும், நாக்கு கிழியும். உடனே சாகாது. பசியோடு, தண்ணீரில் வாயை வைத்தபடி நாள் கணக்கில் நிற்கும். பிறகுதான் சாகும்.

2021 நவம்பரில் கோவை நவக்கரைக்குப் பக்கத்தில் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டன. இப்போது மதுக்கரை வனச்சரகத்தில், இருட்டிலும் உடல்வெப்பத்தை வைத்து யானையைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் தண்டவாளத்தை ஒட்டி நிற்கின்றன. யானை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் யானை அந்த வழியில்தான் நடக்கும் என்பது தண்டவாளம் போடுவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் 'பெண்' என்பதை அடித்துவிட்டு 'மக்னா' என்று எழுதினேன். அது வயிறு நிறையக் குடித்து, சேற்றை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டு, வாழைத்தோப்பு இருந்த திசையில் நிதானமாக நடந்தது. காவலர் செல்போனை எடுத்தார்.

"அண்ணா, மக்னா உங்க பக்கம் வருது. வேலியில லைன் கொடுத்திருந்தா இப்பவே ஆஃப் பண்ணுங்க."

வணக்கம்.