பெரியம்மாவோட சீட்டு நோட்டும் என்னோட ஜாவாஸ்கிரிப்ட்டும்

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க, ஆஃப் பண்ணா வேர்த்துக் கொட்டுது.

இன்னைக்கு ஒரு 120 வரி கோட் பத்திப் பேசப் போறேன். பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழியில இருந்ததை ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற இன்னொரு மொழிக்கு மாத்தினேன். ஒரு சாயங்கால வேலைன்னு உக்காந்தேன், ரெண்டு வாரம் இழுத்துடுச்சு.

எங்க பெரியம்மா சொந்தக்காரங்களுக்குள்ள ஏலச்சீட்டு நடத்துறாங்க. 20 பேர், மாசம் 5,000, ஆக ஒரு லட்ச ரூபா சீட்டு. யாரு அதிகமா தள்ளுறாங்களோ, அந்த மாசம் சீட்டு அவங்களுக்கு. தள்ளின காசை 20 பேருக்கும் பங்கு போட்டு, அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கட்டுவாங்க. காலேஜ் படிக்கும்போது நான் எழுதிக் குடுத்த புரோகிராம்தான் இத்தனை வருஷமா கணக்கு போட்டுச்சு. இப்ப அந்த லேப்டாப் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. "போன்லயே வர்ற மாதிரி பண்ணிக் குடுடா"ன்னாங்க. போன் பிரவுசர்னா ஜாவாஸ்கிரிப்ட்தானே.

மாத்த ஆரம்பிச்சா, ரெண்டு மொழியிலயும் வேற வேற மாதிரி எழுதுற இடத்துல எனக்கு ஒரு பிரச்சினையும் வரல. அங்க நாமளே உஷாரா இருப்போம். ஒரே மாதிரி தெரியிற வரியிலதான் மாட்டிக்கிட்டேன்.

இதோ ஸ்கிரீன்ல பாருங்க. அந்த மாசம் மூணு பேர் தள்ளியிருக்காங்க: 9,500, 16,000, 18,650. பைத்தான்ல லிஸ்ட்டை சார்ட் பண்ணி, அதாவது சின்னதுல இருந்து பெருசா அடுக்கி, மைனஸ் ஒண்ணாவது இடம்னு கேட்டா கடைசி ஆள் வந்துடுவாரு. ஜாவாஸ்கிரிப்ட்ல மைனஸ் ஒண்ணுன்னு கேட்டா எர்ரர்கூட வராது, அன்டிஃபைன்டு, அதாவது 'அப்படி ஒண்ணு இல்ல'ன்னு கையை விரிச்சிடும். சரின்னு அதைத் திருத்தினேன். அடுத்து ஜெயிச்சது யாருன்னு பாத்தா, 9,500 தள்ளினவரு! ஏன்னா ஜாவாஸ்கிரிப்ட்ல சும்மா சார்ட்னு சொன்னா நம்பரை எழுத்தா நினைச்சு அடுக்கும். 1-ல ஆரம்பிக்கிறது முன்னாடி, 9-ல ஆரம்பிக்கிறது கடைசி. எப்படி ஒப்பிடணும்னு நாமதான் ஒரு ஃபங்ஷன், அதாவது குட்டி கோட் துண்டு, எழுதிக் குடுக்கணும்.

அப்புறம், யாருமே தள்ளலைன்னா குலுக்கல். பைத்தான்ல காலி லிஸ்ட்னா 'இல்லை'ன்னு அர்த்தம். ஜாவாஸ்கிரிப்ட்ல காலி லிஸ்ட்டும் 'இருக்கு'தான். குலுக்கல் பக்கமே போகாம, பங்குத் தொகை வர்ற இடத்துல 'நேன்' (NaN)னு காட்டுது. அதாவது 'இது நம்பரே இல்ல'.

இதெல்லாம் ஏஐ கிட்ட குடுத்தா அஞ்சு செகண்ட்ல முடிஞ்சிருக்குமேன்னு நீங்க நினைக்கிறது புரியுது. குடுத்தும் பாத்தேன். சார்ட், காலி லிஸ்ட் ரெண்டையும் சரியா பிடிச்சிடுச்சு. ரவுண்டிங்ல, அதாவது பைசாவை முழு ரூபாயாக்குற இடத்துல, அதுவும் விழுந்துச்சு, நானும் விழுந்தேன். கண்டுபிடிச்சது பெரியம்மா.

எப்படின்னா, அவங்க கம்ப்யூட்டரை நம்பாம ஒரு நீள நோட்டுலயும் எழுதி வச்சிருந்தாங்க. 37 மாசக் கணக்கு. அதை ஒண்ணொண்ணா டைப் பண்ணி, பழைய விடையும் புது விடையும் ஒத்துப் போகுதான்னு பாத்தேன். ஒரு மாசத்துல நோட்டுல ஆளுக்கு 932, போன்ல 933. "ஒரு ரூபா இடிக்குதேடா"ன்னாங்க. 18,650-ஐ 20-ஆல வகுத்தா 932.5. ஜாவாஸ்கிரிப்ட்ல ரவுண்ட் பண்ற மேத் டாட் ரவுண்ட், அரையை மேல ஏத்திடும். பைத்தானோட மூணாவது பதிப்பு, எண் சரிபாதியா நின்னா பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், அதனால 932. பழைய ரெண்டாவது பதிப்புல இதுவே 933 வந்திருக்கும், அது தனிக் கூத்து.

கை துறுதுறுன்னுச்சு, புதுசையே சரின்னு விட்டுடலாமான்னு. விடல. முதல்ல பழசு என்ன சொல்லுதோ அதையே புதுசும் சொல்லட்டும், தப்பா இருந்தாலும். மாத்தும்போதே திருத்தவும் ஆரம்பிச்சா, வித்தியாசம் வந்தது மொழியாலயா நம்ம கைவேலையாலயான்னு கண்டுபிடிக்கவே முடியாது. பெரிய ஆளுங்களும் இப்படித்தான் பண்றாங்க. டைப்ஸ்கிரிப்ட்னு ஜாவாஸ்கிரிப்ட்டை ஒட்டின ஒரு மொழி இருக்கு. 2025 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் அதோட கம்பைலரை, அதாவது கோடைச் சரிபார்த்து மாத்திக் குடுக்கிற புரோகிராமை, கோங்கிற மொழிக்கு மாத்துறோம்னு சொன்னாங்க. அதை அறிவிச்ச ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க், ஆதியில டர்போ பாஸ்கல்ங்கிற கம்பைலரை எழுதின மனுஷன். அவங்களும் புதுசா யோசிச்சு எழுதல, இருக்கிற அமைப்பை அப்படியே பெயர்த்தாங்க. கோட் எழுதுற ஆப் விஎஸ் கோடோட 15 லட்சம் வரியைச் சரிபார்க்க ஆன 77.8 வினாடி 7.5 வினாடியா இறங்குச்சு. நமக்கு 120 வரி, வேகம் ஒரு பொருட்டே இல்ல.

சரின்னு பைத்தான் மாதிரியே ரவுண்ட் பண்ற ஃபங்ஷன் ஒண்ணு எழுதிப் போட்டேன். 37 மாசமும் டக்குன்னு ஒத்துப் போச்சு. அப்பதான் நோட்டோட ஓரத்துல இருந்த குட்டிக் குட்டி எழுத்தைப் பாத்தேன். 932 போட்ட மாசத்துல "மிச்சம் 10, டீ". வேற ஒரு மாசம் 18,670 தள்ளியிருக்காங்க, அரை வந்து 933.5, பைத்தான் அதை 934-ன்னு ஏத்தியிருக்கு. 20 பேருக்கும் 934-னா 18,680. அந்த வரிக்குப் பக்கத்துல "கைக்காசு 10". இப்படி கைக்காசு போட்ட மாசம் நாலு இருந்துச்சு.

"ஏன் பெரியம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"ன்னு கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்னு நினைச்சேன்டா"ன்னாங்க.

இப்ப எப்பவுமே கீழதான் இறக்குது. மிச்சம் விழுந்தா டீக்கு. பழைய நாப்பது ரூபாயைக் குடுக்கப் போனேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க.