கிராண்ட் ஸ்லாம் வெல்லாத விஜய் அமிர்தராஜ் புகழ் மண்டபத்துக்குப் போனது எப்படி?

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன்.

நம்மட பக்கத்தில் டென்னிஸ் பந்து என்றால் அது மென்பந்து கிரிக்கெட்டுக்குத்தான். பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் தெரியும். டென்னிஸ் ராக்கெட் பிடித்த பிள்ளைகள் இங்கே குறைவு. அதனாலேயே சென்னைத் தமிழர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். கிராண்ட் ஸ்லாம் என்றால் டென்னிஸின் நான்கு பெரிய தொடர்கள், விம்பிள்டன் அதில் ஒன்று.

[திரையில்: விம்பிள்டன் புல்தரை, 1981]

1981 விம்பிள்டன் காலிறுதி. எதிரே ஜிம்மி கொனர்ஸ். விஜய் அமிர்தராஜ் முதல் இரண்டு செட்டையும் 6–2, 7–5 என்று எடுத்துவிட்டார். இன்னும் ஒரு செட் எடுத்தால் அரையிறுதி. ஆனால் மூன்றாவது செட் கொனர்ஸுக்கு 6–4, நான்காவது 6–3, ஐந்தாவது 6–2. ஆட்டம் கையை விட்டுப் போனது.

அவருக்கு இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை இல்லை. 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டை 7–5 என்று விட்டார். 1979 இல் பியோன் போர்க்கை இரண்டுக்கு ஒன்று என்று முந்திய பிறகு, நான்காவது செட்டை, செட் சமநிலையில் நிற்கும்போது ஆடும் டைபிரேக்கில் இழந்தார், அடுத்ததையும் இழந்தார். கோடெஷும் போர்க்கும் அந்தந்த வருடத்துச் சம்பியன்கள்.

இதைக் கேட்டு, பாவம், முக்கிய நேரத்தில் தடுமாறுகிறவர் என்று நினைக்க வேண்டாம். 1973 அமெரிக்கப் பகிரங்கத் தொடரில், 19 வயதில், அவுஸ்திரேலிய ஜாம்பவான் ரொட் லேவரை ஐந்து செட்டில் தோற்கடித்தவர் இவர். அடுத்த வருடம் அதே தொடரில் போர்க்கையும் தோற்கடித்தார். அமிர்தராஜ், போர்க், கொனர்ஸ் என்ற மூன்று பேரின் முதல் எழுத்தையும் சேர்த்து, டென்னிஸின் ஏ, பி, சி என்று அப்போது சொன்னார்கள். இத்தனைக்கும் சின்ன வயதில் நுரையீரல் நோயால் அவதிப்பட்ட பிள்ளை அவர். உடம்பு தேறட்டும் என்றுதான் வீட்டில் டென்னிஸுக்கு அனுப்பினார்கள்.

சரி, அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது? புல்தரையில் பந்து அதிகம் எழும்பாது, வழுக்கிக்கொண்டு போகும். சேர்வ் போட்ட கையோடு வலைக்கு ஓடி, பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே தட்டிவிடுகிறவருக்கு அது பொன்னான தரை. ஆறடிக்கு மேல் உயரமும் மென்மையான கையும் உள்ள விஜய்க்கு அது அப்படியே பொருந்தியது.

இனி 1974. எனக்கு அவருடைய வாழ்க்கையில் இதுதான் பெரிய இடம். நாடுகளுக்கு இடையிலான டென்னிஸ் போட்டியான டேவிஸ் கிண்ணத்தில் விஜயும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இந்திய அணி, கல்கத்தாவில் அவுஸ்திரேலியாவை 3–2 என்று வென்றது. பூனாவில் சோவியத் யூனியனையும் வென்று இறுதிப்போட்டிக்கு வந்தது. இறுதியில் எதிரணி தென்னாபிரிக்கா. அங்கே அப்போது நிறவெறி ஆட்சி. இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் தென்னாபிரிக்காவுக்குப் போனது. இருபது வயது வீரருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்க. இருந்தும், அந்த முடிவு சரியானதுதான் என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1987 இல் இன்னொரு வாய்ப்பு வந்தது. 33 வயதில் அணித் தலைவராக, ரமேஷ் கிருஷ்ணனோடு சேர்ந்து, சிட்னியில் அவுஸ்திரேலியாவை வீழ்த்தி மறுபடியும் இறுதிக்கு வந்தார். இறுதியில் எதிரணி சுவீடன். சுவீடன்காரர்கள் கெட்டிக்காரர்கள். தங்கள் ஊரான கோதன்பர்க்கில் உள்ளரங்கில் களிமண் தரை போட்டார்கள். களிமண்ணில் பந்து மெதுவாக வரும், உயரமாக எழும்பும். வலைக்கு ஓடுகிறவரைத் தாண்டி அடிக்க எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும். இந்தியா 5–0 என்று தோற்றது, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு வெளியே செய்தவை நிறைய. 1983 இல் ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் நடித்தார், ஆட்டோவில் வைத்து டென்னிஸ் ராக்கெட்டால் ஆட்களை அடிப்பாரே, அவர்தான். அப்புறம் தொலைக்காட்சி வர்ணனை. ஸ்டார் ஸ்போர்ட்ஸில் விம்பிள்டன் பார்த்தவர்களுக்கு அந்த நிதானமான குரல் தெரிந்திருக்கும். 2001 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சமாதானத் தூதர், 2006 இல் சொந்த அறக்கட்டளை.

[திரையில்: சென்னை, 1985]

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 1985 இல், இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அமிர்தராஜ் குடும்பமும் பிரிட்டானியா பிஸ்கட் கம்பனியும் சேர்ந்து சென்னையில் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கின. பையன்கள் அங்கேயே தங்கி, படித்து, ஆடினார்கள். கல்கத்தாவிலிருந்து 12 வயதளவில் அங்கே போன பையன் லியாண்டர் பயஸ். 1990 இல் அவர் விம்பிள்டன் கனிஷ்ட சம்பியன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம். பிறகு இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக 18 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள்.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் இருவரையும் ஒன்றாகவே சேர்த்தார்கள். ஆசிய ஆண்களில் முதல் இருவர் இவர்கள்தான். லியாண்டர் வீரராகப் போனார், விஜய் பங்களிப்பாளராக, அதாவது டென்னிஸை வளர்த்தவராகப் போனார்.

இப்படிப் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்துவிடுவது மட்டக்களப்பாருக்குப் புதிதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த வெபர் அடிகளாரின் பெயரில்தான் நமது மைதானமே இருக்கிறது. இங்கே மாவட்ட மட்டத்தில், தேசிய மட்டத்தில் ஆடி ஓய்ந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன்: பக்கத்துப் பள்ளிக்கூட அதிபரிடம் போய், கிழமைக்கு ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன் என்று சொல்லுங்க. எந்த விளையாட்டு என்றாலும் பரவாயில்லை.