குழாயின் அடியில் இருக்கும் வண்டல்

உடம்பிலிருந்து எடுத்த கொழுப்பை நொதியால் பிரித்து, சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழலும் கருவியில் சுற்றி எடுத்த ஒரு குழாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே மஞ்சளாக எண்ணெயும் கொழுப்புச் செல்களும் மிதக்கும். அடியில் சிவப்பாகக் கொஞ்சம் வண்டல். மேலே மிதப்பதைக் கொட்டிவிடுவோம். நமக்கு வேண்டியது அந்த வண்டல்; ரத்தக்குழாய்களின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் செல்கள் அதில்தான் இருக்கின்றன.

கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. அந்தத் தந்துகிகளின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருப்பவைதான் எண்டோதீலியல் செல்கள். 1973இல் தொப்புள்கொடியில் உள்ள ரத்தக்குழாயான சிரையிலிருந்து இவற்றை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் தன் சொந்தச் செல்கள் தேவைப்படும் ஐம்பது வயது நோயாளி தன் தொப்புள்கொடிக்கு எங்கே போவது? கொழுப்பு என்றால் அவர் உடம்பிலேயே இருக்கிறது.

உறிஞ்சி எடுத்த கொழுப்பைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியில் 37 டிகிரி சூட்டில் ஆட்டி வைக்கிறோம். இதில் கைப்பக்குவம் வேண்டும். சீக்கிரம் எடுத்தால் திசு பிரியாது, அதிக நேரம் விட்டால் செல்களே அடிபடும்.

சரி, வண்டல் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் தலைவலி. அதில் ரத்த அணுக்கள், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசுச் செல்கள், ஸ்டெம் செல்கள் எல்லாம் கலந்திருக்கும். நமக்கு வேண்டிய எண்டோதீலியல் செல்கள் மெதுவாகப் பெருகும், ஃபைப்ரோபிளாஸ்ட் வேகமாகப் பெருகும். களை எடுக்காத வயல் மாதிரி, சில நாளில் செல் வளர்க்கும் தட்டு முழுக்க ஃபைப்ரோபிளாஸ்ட்கள்தான். அதனால் எண்டோதீலியல் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.31 என்ற புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளைச் சேர்த்து, நம் செல்களை மட்டும் இழுத்தெடுக்கிறோம். பலமுறை இதையே திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் சேர்த்த வளர்ப்புத் திரவத்தில் நன்றாக வளர்ந்தால், கூழாங்கல் பாவிய தரைபோலத் தெரியும்.

அந்தத் தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். சி.டி.31 சில ரத்த அணுக்களிலும் உண்டு. ஜெல்லில் குழாய்போல வலை பின்னும் படங்களை எல்லோரும் ரசிப்போம், நானும்தான். ஆனால் வேறு செல்களும் அப்படிப் பின்னும். அதனால் ரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணி செல்லுக்குள்ளே இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? 6 மில்லிமீட்டருக்கும் குறுகிய செயற்கை ரத்தக்குழாய்களில் ரத்தம் எளிதில் உறைந்துவிடுகிறது. உள்ளே இந்தச் செல்களைப் பூசினால் உறைவதைத் தடுக்கலாம் என்பது எண்ணம். தட்டில் வளர்வதை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. திரவத்தை ஓடவிட்டால் பாதி செல்கள் கழன்றுகொண்டு போகலாம். பிடித்து நிற்பவை மெல்ல நீண்டு, ஓட்டம் போகும் பக்கமாகத் திரும்பிப் படுக்கும்.