கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பதிவேடு

அவையோருக்கு வணக்கம்.

ஊர் வரலாற்றுக் கழகம் தொடங்கி, கையோடு ஒரு சிறு அருங்காட்சியகமும் வைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது கண்ணாடிப் பெட்டியை. பெட்டி பிறகு வரட்டும். முதலில் வாங்க வேண்டியது தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சிட்ட ஒரு பதிவேடு. காரணம் எளிது. எந்தப் பொருள் யார் கொடுத்தது, எந்தப் படத்தில் நிற்பவர் யார் என்பதெல்லாம் கழகத்தில் நாலைந்து பேருக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். அந்த நாலைந்து பேரும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. ஆகவே எந்த வேலையைச் செய்தாலும் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: நம்மில் யாரையும் அறியாத ஒருவர் வந்து இந்த அலமாரியைத் திறந்தால் அவருக்கு என்ன புரியும்?

ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் தரும் எண்ணிலிருந்து தொடங்குவோம். 2025.14.3 என்றால் 2025ஆம் ஆண்டு, அந்த ஆண்டில் 14ஆவதாக வந்த வரவு, அதில் மூன்றாவது பொருள். பொருள் தொலைந்தாலும், திருப்பிக் கொடுத்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. நிறமி மையால் எழுதுங்கள். சாதாரண மை நாளாவட்டத்தில் வெளிறும், ஈரம் பட்டால் பரவும். பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். எழுதிய பக்கங்களை அவ்வப்போது படமெடுத்து வேறொரு கட்டடத்தில் வையுங்கள். கணினி அட்டவணை தேடுவதற்கு நல்லது. ஆனால் அதில் ஒரு நெடுவரிசையை மட்டும் யாராவது தவறாக அடுக்கிச் சேமித்துவிட்டால், எல்லாப் பொருளுக்கும் வேறு ஒருவர் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். பதிவேட்டில் அந்தச் சங்கடம் இல்லை.

'பழைய சுவர்க் கடிகாரம்' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கட்டடத்தில் தொங்கியது, யார் சாவி கொடுத்தார், எப்போது ஓடாமல் நின்றது என்பதைக் கொண்டுவந்தவரிடம் அன்றைக்கே, அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கேட்டு எழுதிவிட வேண்டும். 'அடுத்த வாரம் விவரமாகச் சொல்கிறேன்' என்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்தது கையெழுத்து. கழகங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நன்கொடைக் கடிதத்தில் கொடுப்பவரே உரிமையாளர் என்ற உறுதிமொழியும், உரிமை முழுவதையும் கழகத்துக்கு விடுகிறேன் என்ற வரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்றோ ஒருநாள் அவருடைய உடன்பிறந்தவர் வந்து பொருளைக் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். படங்கள், கடிதங்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. தாள் நமக்கு வந்துவிட்டாலும் பதிப்புரிமை படம் எடுத்தவரிடமோ கடிதம் எழுதியவரிடமோ இருக்கலாம். அதைத் தனி வரியில் கேளுங்கள். 'நிரந்தர இரவல்' என்ற சொல்லைக் கேட்டாலே விலகிவிடுங்கள். நிரந்தரம் என்றால் அது இரவல் இல்லை. பராமரிக்கும் செலவு நம்முடையது, எடுத்துச் செல்லும் உரிமை அவருடையது என்பதுதான் அதன் உண்மைப் பொருள். இரவல் வாங்கினால் முடியும் தேதி போட்டு, வரும்போதே இருந்த கீறல் விரிசல்களைப் படமெடுத்து வாங்குங்கள்.

மறுக்கவும் தெரிய வேண்டும். எந்த ஊர், எந்தக் காலம், எவ்வகைப் பொருள் என்று ஒரு பக்கக் கொள்கை எழுதி, செயற்குழு அதை ஏற்றுக் குறிப்பேட்டில் பதியட்டும். மூன்றாவது தட்டச்சுப் பொறி வாசலுக்கு வரும்போது அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். 'எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு எதையும் வாங்காதீர்கள்.

சரி, பொருளின் மேல் எண்ணை எப்படி எழுதுவது? உலோகம், கண்ணாடி, மெருகிட்ட மண்பாண்டம் என்றால், வெளியே தெரியாத இடத்தில் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்துச் சிறு பட்டையாகப் பூசுங்கள். காய்ந்ததும் அதன் மேல் நிறமி மையால் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம். நகப்பூச்சு கையில் கிடைக்கிறதே என்று அதைப் பூசுபவர்கள் உண்டு. அது மஞ்சளாகி, உரிந்து, எண்ணையும் தன்னோடு கொண்டுபோய்விடும். பிளாஸ்டிக்கிலும் வார்னிஷ் அடித்த மரத்திலும் அசிட்டோன் படவே கூடாது, மேற்பரப்பு கரையும். அவற்றுக்கு நூலில் கட்டிய அட்டை. துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவைத் தளர்வாகத் தைத்துவிடலாம். தாளுக்குப் பின்புறம் மென்மையான பென்சில். செல்லோடேப்பை எதிலும் ஒட்டாதீர்கள். ரப்பர் பேண்டையும் கழற்றிவிடுங்கள்: அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், ரப்பரே இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒளி செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரிவதற்குள் வேலை முடிந்திருக்கும். துணி, நீர்வண்ணம், பழைய படங்கள், கையெழுத்துத் தாள்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் என்பது பொது வரம்பு (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு). எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200. சேதம் கூடிக்கொண்டே போகும் கணக்கு இது. 500 லக்ஸில் ஒரு மாதம் வைப்பதும் 50 லக்ஸில் பத்து மாதம் வைப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். சன்னல் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் வரும். செய்தித்தாளா, கடிதமா? நகலைச் சட்டத்தில் மாட்டிவிட்டு மூலத்தைப் பெட்டியில் வையுங்கள். பார்வையாளருக்குக் குறையொன்றும் இல்லை, நகல் என்று அடியில் எழுதினால் போதும்.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைப்பது ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பைகளைவிட அதிகம் உதவும். மர இழையைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில், அதுவும் புத்தம் புதியதில், காட்சிப் பெட்டி செய்து ஈயப் பொருளையும் சிப்பிகளையும் உள்ளே பூட்டி வைத்தால், பலகையிலிருந்து வரும் அமில ஆவி அவற்றைப் பொடிபொடியாக்கும்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வேண்டாம். அதன் ஆவி பொருளுக்கு மட்டுமா, அந்த அறையில் உட்காரும் தன்னார்வலருக்கும் கெடுதல். தரையோரம் ஒட்டுப்பொறி வைத்து, எந்தப் பூச்சி எத்தனை விழுந்தது என்று மாதந்தோறும் எழுதுங்கள். மரப்பொருளுக்கு அடியில் புதிதாக மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு வேலை செய்கிறது. துணிக்கும் புத்தகத்துக்கும் உறைய வைப்பது நல்ல வழி. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள். மைனஸ் 20 என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் ஈரம் பொருளின் மேலேயே படியும். பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஓவியம், கண்ணாடிப் படத்தகடு, பலவகைப் பொருள் சேர்ந்து செய்தவை ஆகியவற்றை உறைய வைக்காதீர்கள்.

பழைய ஃபிலிம் நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம், சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். நைட்ரேட் என்ற பழைய வகை ஃபிலிம் என்று சந்தேகம் வந்தால் கட்டடத்தில் வைக்கவே வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும். நிபுணரைக் கேளுங்கள்.

கிடங்கு நிரம்பி வழிகிறது என்பவர்களுக்கு பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் இக்ரோம் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் ரீ-ஆர்க் என்ற கிடங்குச் சீரமைப்பு முறை கைகொடுக்கும். அது வைக்கும் அளவுகோல்களில் சில: தரையில் நேரடியாக எதுவும் இருக்கக் கூடாது, எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும், ஒன்றை எடுக்க இரண்டுக்கு மேல் நகர்த்தக் கூடாது. ஒருநாள் கடிகாரத்தோடு சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் வழியை அடைத்துக்கொண்டு இருப்பவை அரும்பொருள்களாக இரா. மடக்கு நாற்காலியும் போன விழாவின் பேனரும்தான்.

கழகத்தின் விதிமுறையில் பலரும் எழுத மறக்கும் ஒரு பிரிவு உண்டு. கழகம் கலைந்தால் பொருள்கள் யாருக்குப் போகும்? நிறுவனத்தின் பெயரோடு, அவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி எழுதுங்கள். சாவிகள் யார் யாரிடம் என்ற பட்டியலும், வங்கிக் கணக்குக்கு இருவர் கையெழுத்தும் தேவை. அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தில் எப்போதும் இருவராவது இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள். பூஞ்சை பிடித்த ஆல்பத்தைக் காட்டலாம் என்று பையில் கொண்டுவந்திருப்பவர்கள் தயவுசெய்து இங்கே பிரிக்க வேண்டாம். முகக்கவசம் இருக்கிறது, வெளி முற்றத்தில் வைத்துப் பார்ப்போம்.