எல்டர்லி என்று யாரைச் சொல்லலாம்?

பாம்பனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "தாத்தாவுக்காக ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன். அதில் 'ஹி இஸ் அன் எல்டர்லி' என்று போட்டிருந்தேன். தப்பு என்கிறார்கள். எல்டரும் எல்டர்லியும் ஒன்றுதானே அண்ணா?"

ஒன்று இல்லைம்மா. எல்டர்லி என்பது பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி. 'லி' என்று முடிந்தாலும் ஸ்லோலி வகை இல்லை, ஃப்ரெண்ட்லி வகை. அதனால் 'அன்' போட்டால் தனியாக நிற்காது, 'அன் எல்டர்லி மேன்' என்று ஆளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தி எல்டர்லி' என்றால் முதியவர்கள் எல்லோரும். அதற்குப் பின்னால் 'ஆர்' வரும், 'இஸ்' வராது.

எல்டர் என்பது மூத்தவர் என்ற முறை. பத்து வயதுப் பையனும் தன் தம்பிக்கு எல்டர் பிரதர்தான். 'எல்டர் தேன் மீ' என்று மட்டும் எழுதாதீர்கள், அங்கே 'ஓல்டர் தேன் மீ' வரும். அப்புறம், எல்டர்ஸ் என்றால் ஊர்ப் பெரியவர்கள். வலைத் தகராறு வந்தால் கூடிப் பேசித் தீர்த்து வைக்கிறார்களே, அவர்கள். அதில் ஐம்பது வயதுக்காரரும் இருப்பார். அங்கே வயதைவிட அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்புதான் கணக்கு.

எல்டர்லி மரியாதையான வார்த்தைதான், 'ஓல்டு மேன்' அளவுக்கு முகத்தில் அடிக்காது. ஆனாலும் உடல் தளர்ந்தவர் என்ற சாயல் அதில் உண்டு. தங்கச்சிமடம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். மணலில் குதிகாலை ஊன்றி, கயிற்றோடு பின்னால் சாய்ந்து, இளவட்டங்களுக்குச் சமமாக எழுபதை நெருங்கியவரும் இழுப்பார். அவரை எல்டர்லி என்று எழுத எனக்கு மனசு வராது. இப்போது பல ஆங்கிலப் பத்திரிகைகளும் மருத்துவ இதழ்களும் அந்த வார்த்தையைத் தவிர்த்து 'ஓல்டர் பீப்பிள்', 'ஓல்டர் அடல்ட்ஸ்' என்றுதான் எழுதுகின்றன.

அரசு மனு என்றால் சீனியர் சிட்டிசன் என்று போடுங்கள். அதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 வயது நிறைந்தவர். வருமான வரியிலும் 60-தான். 80 ஆகிவிட்டால் சூப்பர் சீனியர்.

வயதை எண்ணில் எழுதினால் இன்னும் நல்லது: 'ஏஜ்டு 72'. எண்ணோடு வரும்போது 'ஏஜ்டு', முதியவர்கள் என்ற பொருளில் வரும்போது 'தி ஏஜிட்'. எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு வேறு. சரி, உங்கள் வரியை இப்படி மாற்றுங்கள்: 'மை கிராண்ட்ஃபாதர், ஏஜ்டு 72, இஸ் எ சீனியர் சிட்டிசன்.' தாத்தாவின் வயது எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.