நற்செய்தி அறிவிக்கும் கடமை: யாருக்கு, எது வரை?

[திரையில்: மத்தேயு 28:18–20]

உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவிலுள்ள ஒரு மலையில் தம் பதினொரு சீடர்களைச் சந்தித்து, சகல ஜாதிகளையும் சீடராக்கி, அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தாம் கட்டளையிட்ட யாவற்றையும் கைக்கொள்ளும்படி உபதேசிக்கச் சொன்னதோடு மத்தேயுவின் சுவிசேஷம் முடிகிறது. இதையே திருச்சபை 'பிரதான கட்டளை' என்று வழங்குகிறது. ஆனால் அந்த மலையில் கட்டளையைப் பெற்றவர்கள் பதினொரு அப்போஸ்தலர்கள் மட்டுமே என்றால், அது இன்றைய சாதாரண விசுவாசியை எப்படிக் கட்டுப்படுத்தும்?

இது வீண் கேள்வியல்ல. அந்தக் கட்டளை அப்போஸ்தலர்களோடு நிறைவேறி முடிந்துவிட்டது என்று புராட்டஸ்டண்ட் இறையியலாளர்களில் சிலரே ஒரு காலத்தில் கருதினார்கள். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து போதகர் பணிக்கு வந்த வில்லியம் கேரி, 1792-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட சிறு நூலில் இதற்குப் பதில் அளித்தார். கட்டளை அப்போஸ்தலர்களுக்கு மட்டும் உரியதென்றால், அதே வசனத்திலுள்ள ஞானஸ்நானமும் அவர்களுக்கு மட்டுமே உரியதாக வேண்டும். உலகத்தின் முடிவு வரை உங்களுடனே இருக்கிறேன் என்ற வாக்குறுதியையும் நாம் நமக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவருடைய வாதம். வாக்குறுதியை மட்டும் வைத்துக்கொண்டு கட்டளையைத் தள்ளிவிடுவதற்கு இதில் இடமில்லை.

[திரையில்: எருசலேமிலிருந்து அந்தியோகியா வரையிலான வரைபடம்]

கேரியின் வாதத்தைவிட வலுவான சான்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபின் எழுந்த துன்புறுத்தலில், அப்போஸ்தலர்கள் தவிர மற்ற யாவரும் யூதேயா, சமாரியா தேசங்களில் சிதறிப்போனார்கள் என்று எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அப்படிச் சிதறிப்போனவர்களே போன இடமெல்லாம் வசனத்தைப் பிரசங்கித்தார்கள். பிரசங்கிக்க நியமிக்கப்பட்டவர்கள் எருசலேமில் இருக்க, வீடிழந்து ஓடியவர்கள் செய்தியைக் கொண்டுபோனார்கள். அவர்களில் சீப்புருதீவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, அதுவரை அங்கே யூதர்களுக்கு மட்டுமே சொல்லப்பட்டுவந்ததைக் கிரேக்கரிடமும் பேசத் தொடங்கினார்கள். சீடர்களுக்குக் 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்த நகரத்தில்தான். அங்கே இவ்வளவு பெரிய வாசலைத் திறந்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது நடபடிகளின் ஆசிரியரான லூக்கா எழுதிவைக்கவில்லை.

சுவிசேஷகர் என்ற தனி வரம் உண்டு என்று எபேசியர் நிருபம் நான்காம் அதிகாரம் சொல்வது மெய்யே. எல்லாரும் பிரசங்க மேடை ஏற வேண்டியதில்லை. ஆயினும் சாட்சி சொல்வது வேறு. கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடியபோது, அவளிடம் தேர்ந்த உபதேசம் எதுவும் இல்லை, 'இவர் கிறிஸ்துதானோ?' என்ற கேள்வியைத்தான் அவள் கொண்டுபோனாள். கண்டதைச் சொன்னாள், ஊரார் தாங்களே வந்து கேட்டுக்கொண்டார்கள்.

[திரையில்: 1 பேதுரு 3:15]

எப்படிச் சொல்வது என்பதற்குப் பேதுருவின் முதல் நிருபம் தரும் அறிவுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் வரிசையைத்தான் பலர் கவனிப்பதில்லை. உங்களில் இருக்கிற நம்பிக்கையைக்குறித்துக் கேட்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் அவர். அங்கே கேள்வி முதலில் வருகிறது. பாடுபடுகிறவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. துன்பத்திலும் தளராத அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கேட்கிறார்கள். பதிலும் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லப்பட வேண்டும் என்று அதே வசனம் நிபந்தனை இடுகிறது.

இந்த நிபந்தனையைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் மறந்திருந்தது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. லூக்கா 14-ஆம் அதிகார விருந்து உவமையில், உள்ளே வரும்படி வருந்திக் கூப்பிடுங்கள், அதாவது வற்புறுத்தி அழையுங்கள், என்று வரும் சொற்களைக்கொண்டு, திருச்சபையிலிருந்து பிரிந்துபோனவர்களை அரசின் வலிமையால் திரும்பக் கொண்டுவருவதை ஆதித்திருச்சபையின் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் நியாயப்படுத்தினார். பின்வந்தவர்கள் அதை இன்னும் கொடுமையான செயல்களுக்குத் துணையாக்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, ஒருவரையும் அவருடைய விருப்பத்துக்கு மாறாக விசுவாசத்தை ஏற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெளிவாக அறிவித்தது. பணத்தையோ உதவியையோ தூண்டிலாக்குவதும் இதே வகையைச் சேர்ந்த தவறுதான்.

நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று பவுல், தம்மைப் போலவே அங்கே ஊழியம் செய்த அப்பொல்லோவைக் குறிப்பிட்டுக் கொரிந்தியருக்கு எழுதியதை மனத்தில் கொண்டால், ஆள் கணக்கு எடுத்துப் பெருமைப்படவும் வாடவும் காரணமில்லை. சுவிசேஷத்தைப் பிரசங்கிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று அதே நிருபத்தில் கதறுகிறவரும் அவர்தான். சொல்லும் கடமை அவரை நெருக்கியது. கேட்டவர்கள் ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கவில்லை.

மறுத்தவர்களிடம் எப்படி நடந்துகொள்வது? சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கி அவர்களை அழிக்கும்படி கட்டளையிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். இயேசு அவர்களை அதட்டினார். பின்பு எல்லாரும் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள். சமாரியர் தேவவசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி பிற்பாடு எருசலேமுக்கு எட்டியபோது, அவர்கள்மேல் கை வைத்து ஜெபிக்கப் பேதுருவோடு அனுப்பப்பட்டவர் அதே யோவான்.